படிப்பகத்தில் நாளிதழை நிறுத்தலாமா? வரும் கூட்டத்தில் முடிவு, கருத்துச் சொல்லுங்கள்

வேதாளைக்காரன்

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு படிப்பகம் உண்டு. ஓட்டுக் கட்டடம், இரண்டு நீள மேசை, நான்கு பெஞ்சு, ஒரு இரும்பு பீரோ. தினத்தந்தி, தினமணி, தினமலர் மூன்றும் வருகின்றன. கடந்த கூட்டத்தில் இளைஞர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். மூன்று நாளிதழையும் நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் இணைய இணைப்பும் ஒரு பெரிய டிவியும் வாங்க வேண்டும், பீரோவில் உள்ளதை எடைக்குப் போட வேண்டும் என்பது தீர்மானம். பெரியவர்கள் எழுந்து கத்தினார்கள். முடிவு தள்ளிப்போயிருக்கிறது.

நான் செயலாளர். இரண்டு பக்கமும் எனக்கு உறவுக்காரர்கள். காரணத்தோடு யாராவது எழுதினால் அதை அப்படியே கூட்டத்தில் வாசித்துவிடுவேன். ஒரே ஒரு வேண்டுகோள். போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது வீசியெறியப்பட்ட பேப்பர் கட்டுகளைச் சிறுவன் அப்துல் கலாம் எடுத்துச் சேர்த்த கதையை இரு தரப்புமே சொல்லி முடித்துவிட்டார்கள். அதைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள்.

பாம்பன் வாடைக்காற்று

நிறுத்துங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மதுரையில் இரவில் அச்சாகி, வேனில் ஏறி, பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் வருவதற்குள் செய்தி பழசாகிவிடுகிறது. கடலுக்குப் போனவர் கரையேறி, மீனைப் போட்டு, குளித்துச் சாப்பிட்டுப் படிப்பகத்துக்கு வரும் நேரத்தில் அது முந்தின நாள் கதை. எங்கள் பக்கம் படகு பிடிபட்டால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு முதலில் வருகிறது, டிவியில் அதன் பிறகுதான், பேப்பரில் மறுநாள். காற்று எச்சரிக்கையும் போனில்தான். பேப்பரில் அச்சான வானிலையை நம்பி வலை ஏற்றுகிறவர் யாரையாவது காட்டுங்கள் பார்ப்போம்.

காகித வாசனை, பக்கம் புரட்டும் சுகம் என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். அந்தச் சுகத்துக்குச் சங்கப் பணத்தில் சந்தா கட்ட முடியாது.

ஓய்வு நூலகர்

பாம்பன் தம்பி சொல்வதில் பாதி சரி. செய்தியை முதலில் சொல்லும் வேலை பேப்பரின் கையை விட்டுப் போய்விட்டது. அதை வானொலியே ஒருமுறை பறித்தது, டிவி இன்னொரு முறை பறித்தது. ஆனால் படிப்பகத்துக்கு ஆட்கள் செய்தி தெரிந்துகொள்ள மட்டும் வருவதில்லையே.

தடைக்காலத்தில் போய்ப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களில் நம் கடற்கரைப் படிப்பகங்களில் உட்கார இடம் கிடைக்காது. ஒரே நாளிதழை நான்கு பேர் படிப்பார்கள். நடுத்தாளை ஒருவர் உருவிக்கொள்வார், விளையாட்டுப் பக்கம் ஒருவரிடம் போகும், முதல் பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசிப்பார், எழுத்துக் கூட்டத் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அது எப்படி?" என்று சண்டைக்கு வருவார். 1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தந்தி' பாமரருக்கும் புரியும் தமிழில் வந்ததால்தான் டீக்கடைகளில் இப்படி ஒரு கூட்டு வாசிப்பு வளர்ந்தது. போனை ஒருவர்தான் பார்க்க முடியும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் திருப்பிக்கொள்வார்.

இன்னொன்று. வீட்டு வரியோடு நூலக வரியாக ரூபாய்க்குப் பத்துக் காசு எல்லோரும் கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் வந்தது அது. ஊர்ப்புற நூலகம் அருகில் இருந்தால் நாளிதழ் அங்கேயே வரும். சங்கம் அதையே திரும்ப வாங்க வேண்டுமா என்றும் யோசிக்கலாம்.

பாம்பன் வாடைக்காற்று

// பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் திருப்பிக்கொள்வார் //

அதற்குத்தான் ஐயா பெரிய டிவி கேட்கிறார்கள்.

தொண்டி ஆசிரியை

டிவி வைத்தால் அதில் செய்தி ஓடாது, கிரிக்கெட் ஓடும். இது எல்லோருக்கும் தெரியும், கூட்டத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் பிள்ளைகள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு இருக்கிறது. போனைக் காட்டினால் காணொளி வரும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் வகுப்பில் பல வீடுகளில் நல்ல போன் ஒன்றே ஒன்று. அது அப்பாவிடம் இருக்கும், அப்பா கடலில் இருப்பார். கொரோனா காலத்தில் போனில் வகுப்பு நடத்தியபோது, தொழிலுக்குப் போகாத நாளில் வருகைப் பதிவு நிறைந்திருக்கும், படகுகள் இறங்கிய நாளில் பாதிப் பிள்ளைகள் காணாமல் போவார்கள். வீட்டில் தங்கிப்போன ஒரே பொருள் பாடப்புத்தகம்தான். அரசு கொடுத்த அந்தப் புத்தகத்தை அக்கா, தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று மூன்று பேர் மாற்றி மாற்றிப் படித்தார்கள்.

அதனால் இணையம் வேண்டாம் என்று சொல்லவில்லை. படிப்பகத்தில் இணைப்பு வந்தால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு நல்லது. அவர்கள் உள்ளே வந்து உட்கார முடிகிற மாதிரி அந்த இடம் இருக்கிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. வேதாளைக்காரரே, உங்கள் படிப்பகத்தில் கடைசியாக ஒரு பெண் எப்போது உட்கார்ந்தாள்?

வேதாளைக்காரன்

டீச்சர், பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கூட்டத்தில் இதையும் வைக்கிறேன்.

சாயல்குடி அச்சுக்காரன்

சொந்த ஊர் சாயல்குடி, பிழைப்பு சிவகாசியில். 1985 வரை சிவகாசியும் ராமநாதபுரம் மாவட்டம்தான், அதனால் இந்த இழையில் எனக்கும் பங்கு உண்டு.

"அச்சுக்கு எதிர்காலம் இருக்கிறதா" என்று கேட்டால் எந்த அச்சு என்றுதான் திருப்பிக் கேட்பேன். எங்கள் இயந்திரம் ஓடுவதை வைத்துச் சொல்கிறேன்.

நாள்காட்டி விழவில்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டு மாதிரி ஆல்பத்தைப் பூசை போட்டு வெளியிடுவார்கள், அன்றிலிருந்து ஆர்டர் பிடிக்க முகவர்கள் கிளம்பிவிடுவார்கள். போனில் தேதி தெரியாதவர் இன்று யார்? இருந்தும் நகைக்கடையும் ஐஸ் கம்பெனியும் தினசரித் தாள் கிழிக்கும் காலண்டர் கேட்கின்றன. காரணம், அதை வாங்குகிறவர் வாசகர் இல்லை, கடைக்காரர். தன் பெயர் ஓர் ஆண்டு முழுக்க அடுத்தவர் வீட்டுச் சுவரில் தொங்கவேண்டும் என்று அவர் காசு கொடுக்கிறார்.

கல்யாணப் பத்திரிகை எண்ணிக்கையில் குறைந்துவிட்டது. ஆயிரம் அடித்த இடத்தில் இருநூறு அடிக்கிறார்கள், மற்றவர்களுக்குப் போனில் படம் போகிறது. ஆனால் அந்த இருநூறு முன்பைவிடத் தடிமனான தாளில், தங்க எழுத்தில். தாய்மாமனுக்கு வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்ட ஒரு பொருள் வேண்டுமே. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மாமன் சீருக்கு எதிர்பார்த்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

புத்தகம்தான் விசித்திரம். முன்பு தமிழில் ஒரு பதிப்பு என்றால் 1200 படி. அச்சுக் கோத்து, தகடு போட்டு, அதற்குக் குறைந்து அடித்தால் கட்டாது. பதிப்பாளர் அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணையை நம்பிக் கடன் வாங்குவார், ஆணை வராவிட்டால் கட்டுக் கட்டாகக் கரையானுக்கு. இப்போது தேவைக்கேற்ற அச்சு வந்துவிட்டது. ஐம்பது படி வேண்டுமா, ஐம்பதே அடிக்கலாம். ஒரு படிக்கான அடக்க விலை கூடும், ஆனால் மூட்டை தேங்காது. கணினி புத்தகத்தைக் கொல்லும் என்றார்கள். யாரும் வாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கிய புத்தகம்கூட இன்று அச்சாவது கணினியால்தான்.

நாளிதழுக்குத்தான் இந்த வசதி இல்லை. அதை ஐம்பது படி அடிக்க முடியாது. லட்சக்கணக்கில் அடித்தால்தான் விளம்பரம் வரும், விளம்பரம் வந்தால்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடியும். செய்தித்தாள் காகிதத்தில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2019இல் அதற்குப் பத்து விழுக்காடு சுங்கம் போட்டார்கள், கூச்சல் எழுந்த பிறகு மறு ஆண்டு ஐந்தாக்கினார்கள். அந்த ஆண்டே கொரோனா வந்தது. 'கல்கி' அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது அப்போதுதான். 1941இல் தொடங்கிய இதழ்.

ஆக, நாளிதழ் சுருங்கும், புத்தகம் சின்னச் சின்னப் பதிப்பாக நிற்கும், அழைப்பிதழும் காலண்டரும் இருக்கும். காரணத்தோடு கேட்டீர்கள், இது கணக்கு.

மட்டுறுத்துநர்

நாளிதழ்களின் பிடிஎஃப் பிரதிகள் பகிரப்பட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இங்கே அது வேண்டாம். விவாதம் தொடரட்டும்.

கீழக்கரை கிழக்குத்தெரு

அச்சுக்காரக் காக்கா (எங்கள் பேச்சில் அண்ணன்) கணக்கை அழகாகச் சொன்னார். அந்தக் கணக்கில் வராத ஒன்றை நான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் பழைய வீடுகளில் மாடத்திலோ மரப்பெட்டியிலோ அரபுத்தமிழ் கிதாபுகள் இருக்கும். மொழி தமிழ், எழுத்து அரபி. தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளி வைத்துச் சில எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நிறைய எழுதினார். சட்டம், பாட்டு, மருத்துவம் எல்லாம் அந்த எழுத்தில் உண்டு, கல்லச்சில் அச்சாகி இலங்கை வரைக்கும் போனது. என் உம்மாவின் உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு மாலையில் திண்ணையில் உட்கார்ந்து வலமிருந்து இடமாக விரலை ஓட்டித் தமிழை வாசிப்பார், சுற்றி ஏழெட்டுப் பெண்கள் இருப்பார்கள். வெற்றிலைச் சாறு பட்ட விரல் அடையாளம் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது.

அந்தக் கிதாபு எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. உறை போட்டு வைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. என் தலைமுறை அரபி ஓதும், தமிழ் படிக்கும், இரண்டையும் சேர்த்து வைத்த எழுத்து மட்டும் பிடிபடாது.

இதற்கு இணையமா காரணம்? இணையம் வருவதற்கு வெகுமுன்பே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்து வந்தது, வீட்டுத் திண்ணையில் கிதாபு வாசிக்கும் பழக்கம் நின்றது, அவ்வளவுதான். காகிதம் அப்படியே இருக்கிறது. காகிதம் இருந்தால் வாசிப்பும் இருக்கும் என்று நம்புகிற பெரியவர்களுக்கும், படம் பிடித்து ஏற்றிவிட்டால் காப்பாற்றியாகிவிட்டது என்று நம்புகிற தம்பிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மண்டபம் முகாம்

நான் அகதிகள் முகாமில் பிறந்தவன். அப்பா யாழ்ப்பாணம். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ் பொது நூலகத்தை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளும் சேர்த்து. ஒரே ஒரு படியாக இருந்தவை அன்றோடு இல்லை.

2005இல் ஈழத்து நூல்களை மின்படியாக்க 'நூலகம்' என்ற திட்டம் தொடங்கியது. முகாமில் பத்துக்குப் பத்து வீட்டில் உட்கார்ந்து, அப்பா சிறுவயதில் படித்ததாகச் சொன்ன யாழ்ப்பாணத்துப் பழைய இதழ் ஒன்றை நான் போனில் திறந்து அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது கடைசிப் பக்கத்தை, அச்சகத்தின் முகவரியை. "இந்தக் கடை எங்கட தெரு முனையில் இருந்தது" என்றார்.

காகிதம் வேண்டும் என்பவர்களை மறுக்கவில்லை. ஒரே இடத்தில் ஒரே படி இருக்கக் கூடாது என்பது எங்களுக்குப் பட்டுத் தெரிந்தது.

பாம்பன் வாடைக்காற்று

அண்ணன் சொன்னதைக் கேட்டபிறகு என்ன பேசுவது. ஆனாலும் கேட்கிறேன், அப்படியானால் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றுவதுதானே வழி? நானும் அதைத்தானே சொல்கிறேன்?

ஓய்வு நூலகர்

இல்லை தம்பி. நீங்கள் சொன்னது ஏற்றுவது இல்லை, எடைக்குப் போடுவது.

இணையத்தில் இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019இல் மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் நூல்கள் எல்லாம் அவர்களுடைய கருவியிலிருந்தே மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அதற்குப் பத்தாண்டு முன்பே அமேசான் உரிமைச் சிக்கல் வந்ததென்று ஜார்ஜ் ஆர்வெல் நூல்களைக் கிண்டில் வாசிப்புக் கருவிகளிலிருந்து இரவோடு இரவாக அழித்தது. நீங்கள் வாங்குவது நூலை இல்லை, வாசிக்கும் அனுமதியை. யாழ்ப்பாண நூல்களை வைத்திருப்பது கடை இல்லை, அதற்கென்று உழைக்கிற ஆட்கள். 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுக்கும் மதுரைத் திட்டமும் அப்படித்தான், தன்னார்வலர்களின் வேலை.

இப்போது வேதாளைக்காரரின் பீரோவுக்கு வருவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டியல் போடுங்கள்.

வேதாளைக்காரன்

பார்த்து எழுதுகிறேன். வார இதழில் தொடராக வந்து பைண்டு செய்த நாவல்கள் நிறைய. பழைய பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்பு உரைநூல்கள். போட்டித் தேர்வு வழிகாட்டிகள், காலாவதியானவை. சங்கத் துண்டறிக்கைகள், வேலைநிறுத்த அறிவிப்புகள் சேர்த்து ஒரு கட்டு. கந்தூரி மலர், கோயில் குடமுழுக்கு மலர், மாதா கோயில் திருவிழா மலர் கலந்து ஒரு கட்டு. 1964 புயலைப் பற்றி ஊர்க்காரர் ஒருவர் சொந்தச் செலவில் அடித்த சிறு புத்தகம், அட்டை இல்லை. படகோடு பிடிபட்டவர்கள் பெயர் வந்த பேப்பர் துணுக்குகள் ஒட்டிய ஒரு நோட்டு. இதை யார் ஒட்டினார்கள் என்று தெரியவில்லை. படகு எண், ஊர், வயது, விடுதலையான தேதி பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது.

ஓய்வு நூலகர்

அந்த நோட்டை எடைக்குப் போட்டால் உங்கள் படிப்பகத்தில் நானே வந்து மறியல் செய்வேன்.

நாவல்களைக் கொடுத்துவிடுங்கள், அவை எங்கும் கிடைக்கும். பழைய உரைநூல்களைத் தாராளமாக எடைக்குப் போடுங்கள். காகிதம் என்பதற்காக எல்லாவற்றையும் கும்பிட வேண்டியதில்லை. ஆனால் மலர்கள், துண்டறிக்கைகள், புயல் புத்தகம், துணுக்கு நோட்டு இந்த நான்கும் உலகத்தில் வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சிட்ட ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் போகவேண்டும். பெரிய பதிப்பகங்களே இதில் சுணங்கும்போது, ஊர்த் திருவிழா மலரைப் பொட்டலம் கட்டி கொல்கத்தாவுக்கு அனுப்பியவர் யார்?

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில். மற்றவர்கள் எறிந்த நோட்டீசு, அழைப்பிதழ், நாடக விளம்பரம் எல்லாவற்றையும் நூல்களோடு சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. அன்று அந்தத் தொகுப்பை எடைக்குப் போட்டிருந்தால் தமிழ் அச்சு வரலாற்றில் பல பக்கங்கள் இருந்திருக்காது.

உங்கள் ஊர்ப் பெயருக்காக இன்னொன்றும் சொல்கிறேன். 1549இல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி என்ற பாதிரியார் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் இந்தக் கடற்கரைப் பணிக்குத் தலைமை ஏற்றவர் அண்டிரிக் அடிகளார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' தான் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல், 16 பக்கம். செலவுக்கு இக்கரையின் பரதவர்களே பணம் கொடுத்ததாகச் சொல்வார்கள். இக்கரை மக்களுக்காக அச்சான அந்த நூலை இன்று பார்க்கவேண்டுமென்றால் அமெரிக்காவில் ஹார்வர்டு நூலகத்துக்குப் போகவேண்டும். நாம் பார்ப்பது படத்தைத்தான்.

சாயல்குடி அச்சுக்காரன்

புயல் புத்தகத்தை அனுப்பிவையுங்கள், வேதாளை அண்ணே. பக்கங்களைப் படமெடுத்து, அட்டை ஒன்று வரைந்து, ஐம்பது படி தேவைக்கேற்ற அச்சில் அடித்துத் தருகிறேன். தாள் செலவு மட்டும் சங்கம் கொடுத்தால் போதும். எழுதியவரின் வாரிசுகளிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள், பிறகு வம்பு வரக்கூடாது.

மற்றவற்றைப் போனிலேயே எடுக்கலாம். சில விஷயங்கள்: நிழல் விழாமல் பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் வைத்து எடுங்கள். போனை நேராகப் பிடியுங்கள், சாய்ந்தால் ஓர வரிகள் கோணலாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். ஊர், ஆண்டு, எதற்கான மலர் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் பெயர் இல்லாத படங்களாக ஆயிரம் கிடக்கும், யாரும் திறக்கமாட்டார்கள்.

ஓய்வு நூலகர்

எடுத்த பிறகு மூலத்தைப் பீரோவிலேயே வையுங்கள். உப்புக்காற்றில் இரும்பு பீரோ வியர்க்கும், தரையோடு ஒட்டவிடாமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை பொடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து தட்டுக்குத் தட்டு வைக்கலாம். தஞ்சை சரசுவதி மகாலில் சுவடிகளுக்குச் செய்கிற முறை அது.

கீழக்கரை கிழக்குத்தெரு

கந்தூரி மலர்களில் அரபுத்தமிழ்ப் பாட்டு ஏதாவது இருந்தால் படத்தை எனக்கும் அனுப்புங்கள். ஊரில் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். அவர் வாசிக்க வாசிக்கத் தமிழ் எழுத்தில் எடுத்து எழுத இரண்டு பிள்ளைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வேதாளைக்காரன்

கூட்டம் முடிந்தது. எல்லாப் பதிவையும் வாசித்தேன்.

முடிவுகள்: பீரோவை எடைக்குப் போடுவதில்லை, நூலகர் ஐயா சொன்ன நான்கு கட்டும் படமெடுக்கப்படும். இணைய இணைப்பு உண்டு. மாலை நான்கிலிருந்து ஆறு வரை பெண்பிள்ளைகளுக்கு மட்டும், அந்த நேரத்தில் ஆண்கள் திண்ணையோடு நிற்க வேண்டும். இதற்குத்தான் கூட்டத்தில் அதிக எதிர்ப்பு, டீச்சர். ஒரு ஓட்டில் தப்பியது. டிவி இல்லை.

நாளிதழ் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறையும். எது அந்த ஒன்று என்று கேட்டதும் கூட்டம் மறுபடி இரண்டாக உடைந்துவிட்டது.

பாம்பன் வாடைக்காற்று

எந்தப் பேப்பர் என்று சண்டை போடுகிறவர்கள் யார் அண்ணே, பெரியவர்களா?

வேதாளைக்காரன்

டிவி கேட்ட இளைஞர்கள்தான்.